மூன்று துறைமுகத்துப் பிள்ளை

ஆடி மாதம் பிறந்துவிட்டால் மாத்தூர்க்காரர்கள் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். தெருவுக்கு ஓர் அம்மன். அம்மனுக்கு ஒரு பந்தல். பந்தலுக்கு நான்கு ஒலிபெருக்கி. காலையில் கூழ் வார்ப்பார்கள். இரவில் மேடை போட்டு ஆட்டமும் பாட்டும் நடத்துவார்கள். மணலிக்கும் மாதவரத்துக்கும் நடுவே ஏரியும் வயலுமாகக் கிடந்த ஊர் இது. 1965-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்புக் கம்பெனி ஏற்பட்டது. அதன் பின்னால் உரத் தொழிற்சாலை வந்தது; குடியிருப்பு வந்தது; 2011-ல் ஊரே சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது. ஆனால் அம்மனுக்கு அந்த விவரத்தை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவள் இன்னும் கிராம தேவதையாகவே இருந்து வருகிறாள்.

சென்ற ஆடியில் ஒருநாள் இரவு நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடையில் முதலில் எம்.ஜி.ஆர். வந்தார். பிறகு சிவாஜி வந்தார். இருவரும் அசல் அல்ல என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. அதன் பிறகு இறுக்கமான கால்சட்டையும் தலையில் ஒரு தொப்பியுமாக ஒல்லியான பையன் ஒருவன் துள்ளிக் குதித்து வந்தான். இசைத்தட்டில் பாட்டு எழுந்தது. பையன் காலை ரப்பர் மாதிரி வளைத்தான்; தடுக்கி விழுந்தான்; விழுந்த வேகத்திலேயே எழுந்தான். "சந்திரபாபு! சந்திரபாபு!" என்று முன்வரிசைக் கிழவர்கள் ஆரவாரம் செய்தார்கள். பையனுக்கு இருபது வயது இருக்கலாம். ஜே.பி. சந்திரபாபு காலமானது 1974-ல். அதாவது, அவர் கண்ணை மூடி முப்பது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை அவருடைய காலைக் கடன் வாங்கி ஆடிக்கொண்டிருந்தான்.

என் பக்கத்தில் ஒரு பெரியவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர்; ராயபுரத்திலிருந்து மகன் வீட்டோடு மாத்தூருக்குக் குடிவந்தவர். எல்லோரும் சிரித்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"என்ன அண்ணே, ஆட்டம் பிடிக்கவில்லையா?" என்றேன்.

"ஆட்டம் நல்லாத்தான் கீது தம்பி" என்றார். "ஆனா ஒண்ணு. இந்த மன்சன் எங்க பேச்சை எடுத்துகினு போயி பேர் வாங்கினாரு. எங்க நைனா ராயபுரத்துல கை ரிக்ஷா இசுத்தவரு. அவுரு பேசுன பேச்சுத்தான் அது. அவுருக்கு இன்னா கெடச்சுது, சொல்லு?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கதை எழுதுகிறவனுக்குப் பதில் தெரியாவிட்டால் என்ன செய்வான்? கட்டுரை எழுதுவான். ஆகவே இந்தக் கட்டுரை.

சந்திரபாபுவின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரே ராகத்தில்தான் பாடுவார்கள். ஊரைச் சிரிக்க வைத்தார், தாம் அழுதார் என்று முடித்துவிடுவார்கள். அது பொய்யல்ல. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், அந்த மனிதர் என்ன செய்தார் என்பது தெரியாமலே போய்விடும். கண்ணீர் எத்தனையோ பேரிடம் உண்டு. அந்தக் கால்களும் அந்தக் குரலும் அந்த நாக்கும் எங்கிருந்து வந்தன என்பதுதான் விசாரிக்கவேண்டிய விஷயம்.

அவர் 1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில் பிறந்தார். பரதவர் குலம்; கத்தோலிக்கக் குடும்பம். தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் 5-ந் தேதி. அந்த நாளை ஒட்டிப் பிறந்ததால் பனிமயதாஸ் என்று பெயர் சூட்டினார்கள். குடும்பப் பெயர் ரோட்ரிகோ. தமிழ்ப் பிள்ளைக்கு ரோட்ரிகோ என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், அதற்குச் சரித்திரம் சொல்லவேண்டும். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடி, கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-ல் பிரான்சிஸ் சேவியர் வந்து சேர்ந்தார். கப்பலில் வந்த பெயர்கள் கரையில் இறங்கி, தமிழ்க் குடும்பங்களில் உரிமையோடு தங்கிவிட்டன. சந்திரபாபு பிறந்த வீட்டிலேயே ஒரு துறைமுகம் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

தகப்பனார் பத்திரிகைக்காரர், சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். அந்நிய ஆட்சியார் அப்பேர்ப்பட்டவர்களைச் சும்மா விடுவார்களா? குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்தது. பையன் அங்கேதான் படித்தான், வளர்ந்தான். யுத்த காலத்துக் கொழும்பு எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள். துறைமுகம் நிறையப் போர்க்கப்பல்கள். தெரு நிறைய வெள்ளைக்காரச் சிப்பாய்களும் மாலுமிகளும். அவர்களுக்காக ஓடும் ஹாலிவுட் படங்கள். அவர்கள் கேட்கும் கிராமபோன் பாட்டுக்கள். 1942 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியர் விமானத்தில் வந்து கொழும்பில் குண்டு போட்டார்கள். மறு வருஷம், 1943-ல், குடும்பம் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் குடியேறியது. பையனுக்கு அப்போது வயது பதினாறு.

ஆக, தூத்துக்குடி, கொழும்பு, சென்னை: மூன்று துறைமுகங்கள். துறைமுகத்தில் வளர்கிற பிள்ளைக்கு ஒரு குணம் உண்டு. எங்கிருந்து வந்த சரக்கு என்று அவன் கேட்கமாட்டான். கரையில் இறங்கியது எதுவானாலும் எடுத்துப் பார்ப்பான், பிடித்தால் தனதாக்கிக்கொள்வான். சந்திரபாபுவின் கலை முழுவதுக்கும் இந்தக் குணம்தான் அடிப்படை என்பது என் அபிப்பிராயம்.

சினிமாவில் நுழைவது அன்றைக்கும் சுலபமாக இல்லை. முதல் படம் 1947-ல் வந்த 'தன அமராவதி'. அதை எடுத்தவர் பி.எஸ். ராமையா. மணிக்கொடி எழுத்தாளர்தான். எங்கள் எழுத்தாளர் ஜாதியில் ஒருவர்தான் சந்திரபாபுவை முதலில் காமிரா முன் நிறுத்தினார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஆனால் அதற்குப் பிறகும் வாய்ப்புத் தேடி அலையவேண்டியிருந்தது. எத்தனை முயன்றும் கதவு திறக்காத ஏமாற்றத்தில் ஜெமினி ஸ்டூடியோவுக்குள்ளேயே விஷத்தை விழுங்கிவிட்டார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் காலத்துச் சட்டப்படி தற்கொலைக்கு முயல்வது குற்றம். ஆகவே கோர்ட்டில் நிறுத்தினார்கள். அங்கே அவர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையையே சுட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். சுட்டதை நீங்கள் பார்க்க முடியும், அந்த வேதனையை உணர முடியாது, என் கஷ்டமும் அப்படித்தான் என்று நீதிபதியிடம் சொன்னாராம். நீதிபதி அவரைத் தண்டிக்காமல் விட்டார். எந்த ஸ்டூடியோவில் உயிரை விடத் துணிந்தாரோ, அதே ஸ்டூடியோ எடுத்து 1952-ல் வெளிவந்த 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேஷம் கிடைத்தது.

அதே 1952-ல் அமெரிக்காவில் ஒரு படம் வெளிவந்தது. 'சிங்கிங் இன் தி ரெயின்' என்று பெயர். அதில் டொனால்ட் ஓ'கானர் என்ற நடிகர், நாயகனின் நண்பராக வந்து, சுவரில் ஏறிக் குட்டிக்கரணம் போட்டு, விழுந்து புரண்டு ஆடும் ஓர் ஆட்டம் உலகப் பிரசித்தம். பார்க்கிறவர்களுக்கு அது தமாஷ். ஆடினவருக்கு உடம்பெல்லாம் அடி. ஓ'கானர் ஊர் ஊராகப் போய் வித்தை காட்டும் குடும்பத்தில் பிறந்தவர். நடக்கக் கற்றுக்கொண்ட வயதிலேயே மேடையில் ஆடியவர். அவருக்குப் பின்னால் எம்.ஜி.எம். என்ற பெரிய ஸ்தாபனம் இருந்தது. நாட்டிய ஆசிரியர்கள், ஒத்திகைக் கூடங்கள், வாரக்கணக்கில் பயிற்சி, முழு ஆர்க்கெஸ்ட்ரா எல்லாம் இருந்தன. பிரெட் அஸ்டேர் என்னும் மகா நர்த்தகர் ஓர் ஆட்டத்துக்காகப் பல வாரம் ஒத்திகை பார்ப்பார். படம் பிடிக்கும்போது தலை முதல் கால் வரை முழு உருவமும் தெரியவேண்டும் என்று வற்புறுத்துவார்.

நமது ஆசாமிக்கு இதெல்லாம் ஏது? நம் ஊரில் ஆட்டம் என்றால் அந்த நாளில் பரதநாட்டியம், அல்லது தெருக்கூத்து. சினிமாவில் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்பிள்ளை கால்சட்டை போட்டுக்கொண்டு மேல்நாட்டுத் தாளத்துக்கு உடம்பை உதறி ஆடுவதற்குக் குருவும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. கொட்டகை இருட்டில் பார்த்ததை வீட்டுக்கு வந்து செய்து பார்க்கவேண்டும், விழவேண்டும், மறுபடியும் செய்து பார்க்கவேண்டும். குரலும் அப்படியே. அவர் பாட்டில் திடீரென்று குரலை உடைத்து உச்சிக்கு ஏற்றி, கீழே இறக்கி, மறுபடி ஏற்றுவார். அதற்கு 'யோடலிங்' என்று பெயர். ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் அது. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய் மாட்டுக்காரர்கள் பாட்டில் கலந்து, இசைத்தட்டில் ஏறிக் கப்பலில் வந்தது. மலையிலே பிறந்த கூவலைச் சமுத்திரக் கரையிலே வளர்ந்த பிள்ளை பிடித்துக்கொண்டு, தமிழ்ச் சொல்லுக்குப் பொருத்திப் பாடினான்! தமிழ் சிதையவில்லை, கூவலும் கெடவில்லை. இது சாதாரண விஷயமா?

அந்தக் குரலுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1954-ல் ஏ.வி.எம். எடுத்த 'பெண்' என்ற படத்தில் எஸ். பாலச்சந்தர் நடித்தார். பிற்பாடு வீணை பாலச்சந்தர் என்று புகழ் பெற்றாரே, அவரேதான். சங்கீத ஞானம் நிறைந்த அந்த மனிதருக்குப் பின்னணிக் குரல் கொடுத்துப் பாடியவர் சந்திரபாபு!

பிறகு படங்கள் வரிசையாக வந்தன. 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி', 'குலேபகாவலி', 'மணமகன் தேவை', 'நாடோடி மன்னன்' என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 1959-ல் வந்த 'சகோதரி' படத்தின் கதை வேடிக்கையானது. ஏ.வி.எம். அந்தப் படத்தை எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்தார்களாம். உப்புச் சப்பில்லாமல் இருந்ததாம். உடனே சந்திரபாபுவைக் கூப்பிட்டு, பால்காரர் வேஷம் ஒன்றைப் புதிதாகக் கற்பித்து, முடிந்த படத்தின் நடுவே புகுத்தினார்கள். படம் பிழைத்தது. சமையல் முடிந்து இலை போட்ட பிறகு உப்புப் போட்டு ருசியைக் காப்பாற்றிய கதை இது.

இனி, பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

1958 அக்டோபரில் பி.ஆர். பந்துலுவின் 'சபாஷ் மீனா' வெளிவந்தது. கதாநாயகர் சிவாஜி கணேசன். சந்திரபாபுவுக்கு இரட்டை வேஷம். ஒருவன் படித்த நண்பன்; நாயகனுக்குப் பதிலாகப் பெரிய மனிதர் வீட்டுக்குப் போய் ஆள்மாறாட்டம் செய்கிறவன். இன்னொருவன் சென்னைத் தெருவில் ரிக்ஷா இழுக்கிறவன். அந்த ரிக்ஷாக்காரன் பேசியது அச்சு அசல் மெட்ராஸ் பாஷை. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர் அந்தப் பாஷையைப் பேசிய லாகவத்தைக் கண்டு சென்னைவாசிகளே அசந்துபோனார்கள். இன்றைக்கும் அந்தப் பாஷையை சினிமாவில் பேசுகிறவர்களுக்கு அவரே முன்னோடி.

அந்தப் பாஷையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். படித்தவர்கள் அதைத் தமிழின் குப்பைத்தொட்டி என்பார்கள். தொட்டியைக் கிளறிப் பார்ப்போம். 'துட்டு' என்பது டச்சுக்காரர்களின் செப்புக்காசின் பெயர். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1600-களில் கோட்டை கட்டிக்கொண்டு வியாபாரம் செய்தபோது விட்டுப்போன சொல். 'பேஜார்', 'பேமானி', 'கலீஜ்', 'நாஸ்தா' எல்லாம் உருது வழியாக வந்தவை. 'நைனா' தெலுங்கு. 'கஸ்மாலம்' என்று திட்டுகிறோமே, அது சுத்தமான சமஸ்கிருதம்! 'குந்து' என்பதோ நல்ல பழந்தமிழ். கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவர்களும், வண்டி ஓட்டியவர்களும், ரிக்ஷா இழுத்தவர்களும் நாலு தேசத்து மனிதர்களோடு பேசிப் பிழைக்கவேண்டியிருந்தது. அவர்கள் கட்டிய பாஷை இது. யோடலிங்கைக் கப்பலிலிருந்து இறக்கிக்கொண்ட சந்திரபாபுவுக்கு இந்தப் பாஷை சுலபமாகப் பிடிபட்டதில் ஆச்சரியம் இல்லை. இரண்டும் ஒரே ஜாதிச் சரக்கு.

எனக்கும் இந்தப் பாஷைக்கும் ஒரு வழக்கு உண்டு. நான் வடசென்னையில் பிறந்தவன். என் தாயார் பேசியது இதுதான். பள்ளிக்கூடத்தில், "சார், அவன் இஸ்துகினு போய்ட்டான்" என்று சொன்னதற்காக ஓர் ஆசிரியர் என்னை வெளியே நிறுத்தினார். வகுப்பு முழுவதும் சிரித்தது. பிறகு நான் கதை எழுத ஆரம்பித்தேன். துறைமுகத் தொழிலாளி ஒருவன், செத்துப்போன தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறான். என் தாயார் எப்படிப் பேசுவாளோ அப்படியே அவனைப் பேசவைத்தேன். ஒரு பத்திரிகையின் ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பினார். கதை உருக்கமாக இருக்கிறது, ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டால் வாசகர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும், மாற்றிக்கொடுங்கள் என்று ஒரு சீட்டும் வைத்திருந்தார். மாற்றிக்கொடுத்தேன். கதை அச்சாகி, சன்மானமும் வந்தது. வீட்டில் அதைப் படித்துக் காட்டினேன். தாயார் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது. ஆனா நம்ம ஊட்ல யார்றா இப்டி பேசுறாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அப்படியானால், எங்கள் பாஷையைச் சிரிப்புக்கென்றே ஒதுக்கிவைத்த பழி சந்திரபாபுவைச் சேருமா? வெகுநாள் அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். இப்போது நினைக்கவில்லை. சமஸ்கிருத நாடகங்களில் ராஜாவும் மந்திரியும் சமஸ்கிருதம் பேசுவார்கள். வேலைக்காரனும் பெண்களும் பிராகிருதம் பேசுவார்கள். கீழே உள்ளவனுக்கு ஒரு பாஷை, மேலே உள்ளவனுக்கு ஒரு பாஷை என்ற ஏற்பாடு ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. அதைச் சந்திரபாபு ஏற்படுத்தவில்லை. சொல்லப்போனால், 'சபாஷ் மீனா'வில் அவர் அதற்கு நேர்மாறாக ஒன்று செய்தார். கனவானும் அவரே, ரிக்ஷாக்காரனும் அவரே. ஒரே முகம், பேச்சு மட்டும் இரண்டு. வண்டியில் உட்காருகிறவன் யார், இழுக்கிறவன் யார் என்பதை முகம் தீர்மானிக்கவில்லை என்பதை அந்த வேடிக்கைக்குள்ளே எவன் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும் கடன் கடன்தான். உலகத்துப் பெரிய கலைஞர்கள் எல்லோரும் இந்தக் கடனை வாங்கியிருக்கிறார்கள். சார்லி சாப்ளினின் அந்த வாத்து நடை எங்கிருந்து வந்தது தெரியுமா? லண்டனில் ஒரு மதுக்கடை வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டு காசு வாங்கும் ஒரு கிழவனின் நடை அது என்று சாப்ளினே சொல்லியிருக்கிறார். சிறுவன் சாப்ளின் அதைத் தாயாரிடம் நடந்து காட்டினானாம். பாவப்பட்டவனைப் பரிகாசம் செய்யாதே என்று தாயார் கண்டித்தாளாம். கண்டிக்கும்போதே சிரிப்பை அடக்க முடியாமல் முன்றானையை வாயில் திணித்துக்கொண்டாளாம். தாயின் கண்டிப்பும் நியாயம், சிரிப்பும் நிஜம். சாப்ளின் கோடீசுவரரானார். குதிரை பிடித்த கிழவனுக்கு என்ன கிடைத்திருக்கும்?

ஹாலிவுட் நர்த்தகர்களின் கதையும் இதுவே. காலணியால் தரையைத் தட்டி ஆடும் 'டாப்' நடனத்தில் நீக்ரோ அடிமைகளின் தாளமும் ஐரிஷ் ஏழைகளின் குதியாட்டமும் கலந்திருக்கின்றன. அதில் மகா சமர்த்தர் பில் ராபின்சன் என்ற கறுப்பர். 1935-ல் குழந்தை நட்சத்திரம் ஷர்லி டெம்பிளின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் அவர் ஆடிய ஆட்டத்தை உலகமே பார்த்தது. மறு வருஷம் அஸ்டேர் அவருக்கு மரியாதை செய்வதாகச் சொல்லி, முகத்தில் கறுப்பு பூசிக்கொண்டு ஒரு நடனம் ஆடினார். மரியாதையும் உண்மை, பூச்சும் உண்மை. ராபின்சன் ஏராளமாகச் சம்பாதித்தார், ஏராளமாகக் கொடுத்தார். 1949-ல் காலமானபோது கையில் ஒன்றும் இல்லை. சவ ஊர்வலத்தைப் பார்க்க நியூயார்க்கின் ஹார்லெம் தெருக்களில் ஜனசமுத்திரம் திரண்டது.

சந்திரபாபுவின் முடிவும் ஏறக்குறைய அப்படியே. 1958-ல் செய்துகொண்ட விவாகம் நிலைக்கவில்லை. அதைப் பற்றி நூறு பேர் நூறு விதமாக எழுதியிருக்கிறார்கள். நான் நூற்றோராவது ஆளாக விரும்பவில்லை. 1960-ல் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்', மறு வருஷம் 'குமார ராஜா' ஆகிய படங்களில் கதாநாயகனாக நடித்தார். எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்று ஒரு படம் தொடங்கினார். அது பாதியில் நின்றுபோனது. பணமும் வீடும் கையைவிட்டுப் போயின. 1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்ற படத்தைத் தாமே டைரக்ட் செய்தார். பைபிள் வாக்கியத்தைத் தலைப்பாக வைத்தார், கதவு திறக்கவில்லை. குடி அதிகமாயிற்று. 1974 மார்ச் மாதம் காலமானார். வயது நாற்பத்தாறு.

இடையில் ஒரு நாள், ராஷ்டிரபதி பவனத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் முன்னிலையில் பாடியதைப் பற்றி ஒரு கதை உண்டு. ஜனாதிபதி மகிழ்ந்து பாராட்டியதும், இவர் சடாரென்று போய் அவர் மடியிலேயே உட்கார்ந்து கன்னத்தைத் தடவினாராம். சுற்றி நின்ற அதிகாரிகள் வெலவெலத்துப்போனார்களாம். ஜனாதிபதி சிரித்தாராம். மரியாதை தெரியாத காரியம்தான். ஆனால் மேலே இருக்கிறவனுக்கு ஒரு பாஷை, கீழே இருக்கிறவனுக்கு ஒரு பாஷை என்று பார்க்கத் தெரியாத மனிதர், வேறு எப்படி நடந்துகொள்வார்?

இன்னொரு தேதியும் என் மனத்தில் நிற்கிறது. மனிதனை மனிதன் வைத்து இழுக்கும் கை ரிக்ஷாவைத் தமிழ்நாட்டு அரசு 1973-ல் ஒழித்தது. அடுத்த வருஷம் சந்திரபாபு போய்விட்டார். வண்டியும் போயிற்று, வண்டிக்காரனாக நடித்தவரும் போனார். பாஷை மட்டும் நிற்கிறது.

திருவிழா முடிந்த மறுவாரம், ஏரிக்கரைப் பக்கம் டீக்கடையில் பெரியவரைச் சந்தித்தேன். மணலிப் பக்கம் ஆலையின் உச்சியில் தீ எரிந்துகொண்டிருந்தது. நான் சேகரித்த விஷயங்களையெல்லாம் சொன்னேன். தூத்துக்குடி, கொழும்பு, தீக்குச்சி, சாப்ளின் எதையும் விடவில்லை. அவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் படத்தை எங்க நைனாவும் பாத்தாரு தம்பி. எனக்கு அப்போ எட்டு வயசு. வண்ணாரப்பேட்டைல ஒரு கொட்டாய். எங்கம்மா, நானு, நைனா மூணு பேரும் தரை டிக்கெட்டு. நைனா சிரிச்சாரு பாரு, அப்டி ஒரு சிரிப்பு. படம் உட்டு வெளிய வந்ததும் எங்கம்மாவை ரிக்ஷாவுல குந்துன்னாரு. அதுவரிக்கும் அது அந்த வண்டில குந்துனதே இல்ல. ஊட்டு வரிக்கும் இசுத்துகினு வந்தாரு. அந்தாளு மாரியே பேசிகினு. அந்தாளு மாரி இன்னா, அவுரு எப்பவும் பேசுற மாரிதான். ஆனா அன்னிக்கி எங்கம்மா அதைக் கேட்டுக்கினு உய்ந்து உய்ந்து சிரிச்சுது."

"அப்புறம்?" என்றேன்.

"அப்பறம் இன்னா? ரெண்டு நாள் கய்ச்சி பாரிமுனைக்கு ஒரு சவாரி. ஏறுனவன், 'டேய், சந்திரபாபு மாரி பேசிக்கினே இசுடா, ஓரணா சேத்துத் தர்றேன்'னானாம். நைனா வாயே தொறக்கல. பாரிமுனை வரிக்கும் ஒரு பேச்சு இல்ல. ஓரணா போச்சு. ஊட்ல வந்து சொன்னாரு. அதுக்கப்பறம் அந்தப் படத்தைப் பத்தி அவுரு பேசுனதே இல்ல."

சற்று நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. கடைக்காரர் வந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்.

"நீ இதெல்லாம் எய்தப் போறியா?" என்று கேட்டார் பெரியவர்.

"எழுதத்தான் போகிறேன், அண்ணே."

"எய்து. ஆனா நான் சொன்னதை சொன்ன மாரியே எய்து. நல்ல தமிழா மாத்திப்புடாதே."

மாற்றவில்லை.